லூர்து மேரியின் குரல்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தோம். அடுத்த ஊர் அம்மன் கோவில் ஒலிபெருக்கியிலிருந்து எல். ஆர். ஈஸ்வரியின் குரல் கடற்காற்றில் ஏறியும் இறங்கியும் வந்துகொண்டிருந்தது. மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய மூதாட்டி ஒருவர் அருகில் வந்தார். "சாமி, ஒரு சந்தேகம் கேக்கட்டா? இந்தப் பாட்டு படிக்கிற புள்ள நம்ம வேதக்காரப் புள்ளயாமே. மாதா பேரு வச்ச புள்ள. பின்ன ஏன் சாமி அம்மன் பாட்டு படிச்சுது?" என்றார்.

"அது அவங்க தொழில், அம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டோம். அவர் முகம் தெளியவில்லை. அறைக்குத் திரும்பிய பின் நமக்கும் அந்த விடை போதவில்லை. கேள்வி எளியது, ஆனால் அதற்குள் இசை பற்றிய கேள்வி ஒன்றும், நம்பிக்கை பற்றிய கேள்வி ஒன்றும், நம்மைப் பற்றிய கேள்வி ஒன்றும் அடங்கிக் கிடந்தன. அந்த மூதாட்டிக்குச் சொல்லத் தவறியதை இங்கே முறையாகச் சொல்ல முயல்கிறோம்.

பின்பாட்டிலிருந்து முன்பாட்டுக்கு

1939 டிசம்பர் 7ஆம் நாள் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஈஸ்வரி. அமல உற்பவ அன்னையின் திருநாளுக்கு முந்திய நாள் அது. லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயரின் முதலெழுத்துகளே 'எல்', 'ஆர்' என்று அவர் பெயரின் முன்னே நிற்கின்றன. லூர்து அன்னையும் ராஜேஸ்வரியும் ஒரே பெயரில் அருகருகே குடியிருப்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் எவரும் வியப்பாகக் கருதமாட்டார். அரசியே, தாயே என்று மரியன்னையை அழைத்துப் பழகிய வாய் நம் வாய்.

தாயார் நிர்மலா ஜெமினி படநிறுவனத்தின் பாடல்களில் குழுப்பாடகியாக இருந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்த பெண், தாயோடு ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்று, தாயின் பக்கத்தில் நின்று, பெயர் தெரியாத குரல்களுள் ஒரு குரலாகப் பாடத் தொடங்கினார். 'மனோகரா' (1954) படத்தில் குழுவினருள் ஒருவராகப் பாடியது அவ்வாறே. 'நல்ல இடத்துச் சம்பந்தம்' (1958) படத்தில் கே. வி. மகாதேவன் அவரைத் தனிக்குரலாகப் பாடவைத்தார். 'பாசமலர்' (1961) படத்தின் 'வாராயென் தோழி வாராயோ' வந்ததும் நிலைமை மாறியது. விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் அமைந்த அந்தத் திருமணப் பாடல், மதம் பாராமல் தமிழர் வீட்டு மணப்பந்தல்களில் எல்லாம் புகுந்துவிட்டது. நம் பங்குகளில் மணமக்கள் திருப்பலி முடிந்து பந்தலுக்கு வரும்போது அது ஒலிக்காத கல்யாணம் அந்நாளில் அரிது.

நம் நாட்டு வில்லுப்பாட்டில் முன்பாட்டுக்காரர் என்றும் பின்பாட்டுக்காரர் என்றும் இரு வகையினர் உண்டு. பின்பாட்டில் நெடுநாள் நின்றவருக்குத்தான் பாட்டின் மூச்சு எங்கே முடியும், அடுத்தவர் எங்கே ஏந்திக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். ஈஸ்வரியின் கலைக்கு அடித்தளம் அந்தப் பின்பாட்டுக் காலமே என்பது நம் கருத்து. பிற்காலத்தில் எத்தனை ஆர்ப்பாட்டமான பாடலாயினும், வாத்தியங்களை மீறிப் பாடாமல், அவற்றோடு பேசிக்கொண்டே அவர் பாடினார்.

கேளிக்கை விடுதியின் குரல்

தமிழில் ஜாஸ் பாடகர் என்று கறாராகச் சொல்லத்தக்கவர் எவரும் திரையுலகில் இருந்ததில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரத்தில், கறுப்பின மக்களின் அழுகையும் ஆட்டமும் செபமும் கலந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அந்த இசை, நமக்குத் திரைப்படத்தின் கேளிக்கை விடுதிக் காட்சிகள் வழியாகவே வந்து சேர்ந்தது. சாக்சபோனும் டிரம்பெட்டும் ஒலித்தால் அங்கே மதுக்கிண்ணம் இருக்கும், கெட்டவன் இருப்பான், ஆடும் பெண் இருப்பாள் என்பது எழுதாத விதி. அந்தப் பெண்ணுக்கு 1960களில் வாய்த்த குரல் ஈஸ்வரியுடையது. அவருக்கு முன்னே அந்தப் பாதையில் ஜமுனாராணி நடந்திருந்தார். அதை அகலப்படுத்தியவர் ஈஸ்வரி.

1964ஆம் ஆண்டின் 'கலைக்கோயில்' படத்தை எடுத்துக்கொள்வோம். வீணைக் கலைஞன் ஒருவனைப் பற்றிய, ஸ்ரீதர் இயக்கிய படம். சிட்டிபாபுவின் வீணையும் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலும் அதில் உண்டு. அதே படத்தில்தான் ஈஸ்வரியின் 'வரவேண்டும் ஒரு பொழுது' வருகிறது. மரபிசையின் நடுவே மேலைநாட்டுச் சாயல் கொண்ட ஒரு பாடல். அதைத் தூய்மைக்கு எதிரான அழுக்கு என்று காட்டுவதற்கே வைத்திருக்கலாம். ஆனால் கேட்டுப் பாருங்கள்: குரலில் அழுக்கு இல்லை. தாளம் நடக்கிறது, அதன் மேல் விழாமல், அதற்குச் சற்றே பின்தங்கி, அவசரமில்லாத ஒருவர் வாசற்படியில் சாய்ந்து நிற்பதுபோல் அவர் சொற்களை வைக்கிறார். பில்லி ஹாலிடே முதலிய ஜாஸ் பாடகியரின் உயிர்நாடி இந்தப் பின்தங்கல்தான். தாளத்திற்கு அடிமையாகாமலும் தாளத்தை விட்டு ஓடிவிடாமலும் பாடுவது எளிதன்று.

அதே ஆண்டில் வந்த 'கருப்புப் பணம்' படத்தின் 'அம்மம்மா கேளடி தோழி'யிலும், அடுத்த ஆண்டு வந்த 'வெண்ணிற ஆடை'யின் 'நீ என்பதென்ன'விலும் இதே ஆற்றல் விளங்குகிறது. 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தில் வேதாவின் இசையில் அவர் பாடிய 'பளிங்கினால் ஒரு மாளிகை' வேறு வகை: துள்ளல், வேகம், ஒரு நொடியும் தொய்யாத விறைப்பு. 'சிவந்த மண்' (1969) படத்தின் 'பட்டத்து ராணி'யில் சாட்டை ஒலிகளுக்கிடையே அவர் குரல் துடிக்கிறது. அடிபடும் உடல் ஒன்று பாடினால் எப்படியிருக்கும் என்பதைக் காதால் காட்டுகிறார். 'பணமா பாசமா' (1968) படத்தின் 'எலந்தப் பழம்' இவை எதையும் சாராதது. தெருவில் கூவி விற்பவளின் தொண்டை அது. கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாய் நடந்தவள் பாடியதென்று ஐயமின்றி நம்புவோம்.

அவரது குரலின் இயல்பைச் சுருங்கச் சொல்வதானால், அது நெஞ்சிலிருந்து எழும் குரல், கனம் உடையது, ஓரத்தில் சிறு அரம் ஓடுவது. சுசீலாவின் குரல் விளக்கொளிபோல் சீராகப் பரவும். ஈஸ்வரியின் குரல் அடுப்புத் தீ. எரிபொருளுக்கு ஏற்ப நிறம் மாறும். வல்லின எழுத்துகளை அவர் மழுப்புவதில்லை. மேலைநாட்டு மெட்டில் பாடும்போது தமிழை வேற்றுமொழிபோல் குழைத்து உச்சரிக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. அவரிடம் அதைக் காண்பது அரிது. குறிலும் நெடிலும் மாறிமாறி வரும் நம் மொழியின் நடை, நீளமும் குறுக்கமுமாய் ஊசலாடும் ஜாஸ் நடைக்கு அந்நியமன்று என்பதை அவர் பாடல்கள் மெய்ப்பித்தன.

சொல்லற்ற களிப்பு

'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஒரு பாடல் ஒலிப்பதிவாகும் காட்சி வரும். டி. எம். சௌந்தரராஜன் சொற்களைப் பாட, ஈஸ்வரியின் குரலோ சொற்களே இல்லாமல் அவரைச் சுற்றிச்சுற்றி வரும். பொருளற்ற அசைகள், ஆயினும் அவற்றை நீக்கிவிட்டால் 'அவளுக்கென்ன' எனும் அந்தப் பாடலில் பாதி உயிர் போய்விடும். எல்லா பிட்ஸ்ஜெரால்டு போன்றோர் சொல்லற்ற அசைகளால் வாத்தியத்தோடு வாத்தியமாகப் பாடியது ஜாஸ் உலகில் பெரும்புகழ் பெற்றது. நம்மவர் அதை 'ஹம்மிங்' என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டனர்.

இறையியல் பயின்றவருக்கு இங்கே புனித அகுஸ்தீனார் நினைவுக்கு வருவார். திருப்பாடல்களுக்கு அவர் எழுதிய விளக்கவுரையில், அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்போர் பாடிக்கொண்டே வந்து, மகிழ்ச்சி மிகும்போது சொற்களைக் கைவிட்டு வெறும் ஒலியாகக் களிகூர்வதைச் சுட்டுகிறார். சொல்லால் அளக்க முடியாத இறைவனை அப்படிப் பாடுவதே தகும் என்பது அவர் கருத்து. அல்லேலூயாவின் கடைசி உயிரெழுத்தைத் திருச்சபை நீட்டி நீட்டிப் பாடிய மரபுக்குப் பின்னே இந்த உணர்வு உண்டு. அதே அகுஸ்தீனார்தான் தம் தன்வரலாற்றில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்று அஞ்சவும் செய்கிறார். இசையை விரும்பவும் அஞ்சவும் நமக்குக் கற்பித்தவர் ஒருவரே.

நாம் குருமடத்திலிருந்து எடுத்து வந்தது பெரும்பாலும் அச்சத்தை மட்டுமே. தொடக்க ஆண்டுகளில் மறையுரை ஒன்றில் 'விடுதிப் பாட்டுகளை' இளையோரின் சீரழிவுக்குச் சான்றாகக் காட்டிப் பேசினோம். அப்பாடல்களில் ஒன்றையேனும் முழுமையாக உட்கார்ந்து கேட்டிருக்கவில்லை. கேளாமல் தீர்ப்பளித்தது நம் பிழை.

ஆடி மாதத்துக் குரல்

திரைப்படங்களில் வாய்ப்புகள் குறைந்த காலத்தில் ஈஸ்வரியின் குரல் அம்மன் பாடல்களில் குடிபுகுந்தது. 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே' முதலிய பாடல்கள் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஊர் ஊராகப் பரவின. ஆடி மாதமும் கோவில் கொடையும் அவர் குரலின்றி இல்லை என்றாயிற்று.

இசையைப் பொறுத்தவரை, இது பாதை மாற்றமன்று. அதே பாதையின் தொடர்ச்சி. முன்குரல் அழைக்கிறது, குழு விடை சொல்கிறது. மீண்டும் அழைக்கிறது, விடை இன்னும் உரக்க வருகிறது. கறுப்பின மக்களின் ஆலயங்களில் இவ்வகைப் பாடலே செபமாயிற்று. அங்கிருந்தே ஜாஸ் இசைக்கும் சென்றது. அங்கும் நம் மூதாட்டியின் கேள்வி எழுந்ததுண்டு. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற பாடகி 1938இல் ஆலயப் பாடல்களை நியூயார்க்கின் கேளிக்கை விடுதியில் பாடியபோது ஆலயத்தார் பலர் முகம் சுளித்தனர். மேரி லூ வில்லியம்சு என்ற ஜாஸ் இசைக்கலைஞர் 1957இல் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார். அவர் அமைத்த திருப்பலி இசை 1975இல் நியூயார்க்கின் புனித பாட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. விடுதிக்கும் பீடத்துக்கும் இடையே அந்த இசை நடந்த தொலைவு நாம் எண்ணுமளவு நீண்டதன்று.

இனி, கேள்வியின் கடினமான பகுதிக்கு வருவோம். கத்தோலிக்கர் ஒருவர் பிற சமயத்தாரின் தெய்வத்தைப் பாடலாமா? எல்லாம் ஒன்றே என்று சொல்லி இதைத் தட்டிக்கழிப்பது இரு சமயத்தாருக்குமே செய்யும் அவமதிப்பு. பாடகரின் குரல் வேறு, அவரது நம்பிக்கை அறிக்கை வேறு. தாலாட்டுப் பாடுபவர் அனைவரும் தாயாக இருப்பதில்லை. ஒருவர் உள்ளத்தில் நடப்பதற்கு நாம் சாட்சிகள் அல்லர். அதை அளக்கும் உரிமையும் நமக்கில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ளவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிக்கையிட்டது. அயலாரின் செபத்துக்குத் தன் உழைப்பை நேர்மையாக அளித்தவரை அந்த ஒளியில் காண்பதே முறை.

இவ்விடத்தில் நமக்கே ஓர் ஐயம் எழுந்தது. கே. ஜே. யேசுதாஸ் கொச்சியின் இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சபரிமலையில் நடை சாத்தும் வேளையில் ஒலிக்கும் ஹரிவராசனம் அவர் குரல். நம் மாவட்டத்தில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அதைக் கேளாதவர் இல்லை. அதைக் குறித்து நம் மக்கள் எவரும் நம்மிடம் சந்தேகம் கேட்டதில்லை. மாறாக, "நம்ம ஆளு பாடினது" என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். இறையியல் நோக்கில் இரண்டும் ஒன்றே. அப்படியானால் ஒருவர் பெருமையாகவும் மற்றவர் உறுத்தலாகவும் ஆனது எப்படி?

வேறுபாடு சமயத்தில் இல்லை, குரலில் இருக்கிறது. ஒன்று மரபிசையில் தோய்ந்த ஆண்குரல். சபையில் அமர்ந்து கேட்கத்தக்கது. மற்றொன்று பம்பையோடும் உடுக்கையோடும் தெருவில் இறங்கும் பெண்குரல். நேற்றுவரை விடுதியில் பாடிய குரல். நாம் நம்பிக்கையின் பெயரால் கூசியது உண்மையில் அந்தத் தெருவைக் கண்டுதான். திரைப்படம் கதைத்தலைவிக்கு மெல்லிய குரலையும் 'கெட்டவளுக்கு' கனத்த குரலையும் பங்கிட்டுக் கொடுத்தது. நாம் அந்தப் பங்கீட்டை அறியாமலே ஆலயத்துக்குள் கொண்டுவந்தோம். பரிசேயர் வீட்டு விருந்தில் நறுமணத் தைலத்தோடு நுழைந்த பெண்ணை அங்கிருந்தோர் அடையாளம் கண்டது அவள் அன்பைக் கொண்டன்று, ஊர் சொன்ன பெயரைக் கொண்டே. ஆண்டவர் மட்டுமே அவள் செய்ததைப் பார்த்தார்.

குறைகளும் உண்டு

புகழ்மாலை சூட்டுவது நம் நோக்கமன்று. அம்மன் பாடல்கள் பலவற்றில் மெட்டுகள் ஒன்றுபோல் உள்ளன. 1960களின் பாடல்களில் ஒரு சொல்லுக்குள் மூன்று நிறம் காட்டிய குரல், அங்கே பெரும்பாலும் உச்ச ஒலியிலேயே நிற்கிறது. ஒலிபெருக்கிக்காகப் பாடும் குரலுக்கு நுணுக்கம் முதல் பலியாகிறது. விடுதிப் பாடல்களிலும் சிரிப்பு, பெருமூச்சு, விக்கல் ஆகியவை சில வேளைகளில் முத்திரையாக இறுகிவிடுகின்றன. இவற்றில் அவர் பங்கைவிட, அவரிடம் மீண்டும் மீண்டும் அதையே கேட்டு வாங்கிய தொழிலின் பங்கே மிகுதி. துயரத்தையும் தாய்மையையும் பாட அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் அவர் ஆற்றலுக்கு ஈடானவை அல்ல.

ஆயினும் குரல் தளரவில்லை. 'ஒஸ்தி' (2011) படத்தில் 'கலாசலா'வைப் பாடியபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது. பேரப்பிள்ளை வயதினர் ஆடினார்கள்; அந்தக் குரலின் அரம் மழுங்கியிருக்கவில்லை.

மண்டைக்காட்டுக்குப் பின்

நம் மாவட்டத்தில் இக்கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. 1982 மார்ச்சில், மண்டைக்காடு பகவதியம்மன் கோவில் கொடை நாள்களில் மூண்ட கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் இங்கு முதியோர் எவரும் மறக்கவில்லை. நீதிபதி வேணுகோபால் ஆணையம் அதனை விசாரித்தது. நாம் அப்போது சிறுவர். கோவில் குழாயும் ஆலயக் குழாயும் எதிரெதிரே முழங்கிய கிராமங்கள் அவை. கோவில் குழாயில் வந்த குரலை 'அவர்கள் குரல்' என்று கேட்டு வளர்ந்தோம். அது ஒலிக்கும்போது வீட்டுக் கதவைச் சாத்திய தாய்மாரும் உண்டு. அந்தக் குரல் நம்மைப் போலவே செபமாலை சொல்லும் குடும்பமொன்றில் பிறந்தது என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கலவரம் நின்றிருக்கும் என்று கூறும் அளவுக்கு நாம் பேதையர் அல்லர். ஆனால் 'அவர்கள்' எனும் சொல்லை வாயிலெடுக்குமுன் ஒரு நொடி தயங்கியிருப்போம்.

சென்ற வாரம் அந்த மூதாட்டியை மீண்டும் சந்தித்தோம். மேலே எழுதியவற்றை எளிய சொற்களில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "எங்க அம்மைக்கும் அப்படித் தடிச்ச தொண்டதான், சாமி. எனக்கும் அதுதான். கோவில்ல பாட்டு படிக்க எங்களக் கூப்பிடமாட்டாவ" என்றார். குற்றம் சாட்டும் தொனியில் அவர் சொல்லவில்லை. ஆனால் நாம் இருந்த பங்குகளின் பாடகர் குழுக்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மெல்லிய குரல்கள் ஒலிவாங்கியின் முன்னே நின்றன. கடற்கரையில் கூவி விலை பேசிய குரல்கள் கடைசி வரிசையில் வாயசைத்தன.

வருகிற தவக்காலத்தில் வியாகுலப் பாடலை எடுத்துக் கொடுக்குமாறு அவரைக் கேட்டிருக்கிறோம். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஒலிபெருக்கி மட்டும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.